பதினாறாம் எழுத்தில் நின்ற பாக்கி

பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. ஆங்கில வினைச்சொல் விளக்க நிறுவனம் குழாய்க்காரருக்குத் தரவேண்டிய பாக்கி அது. குழாய், சிமெண்டு, தொட்டி மூடி, கூட நின்ற இரண்டு ஆட்களின் கூலி எல்லாம் அதில் அடக்கம். தன் கூலியை மட்டும் அவர் சேர்க்கவில்லை. பெரிய இடம், படித்தவர்கள் புழங்குகிற இடம், நாலு பேர் கண்ணில் பட்டால் நாலு வேலை வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, தன் உழைப்பைத் தானே தள்ளுபடி செய்துவிட்டுப் பில் போட்டார். பெரிய கட்டடத்தைப் பார்த்தால் உழைக்கிறவனுக்கு வருகிற வியாதி இது. வந்தால் லேசில் போகாது.

செய்த வேலை என்னவென்று சொன்னால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டைத் தள்ளிவைப்பார்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நிறுவனத்தின் கழிவறைகள் அடைத்துக்கொண்டன. மூன்று மாடிகளின் கழிவும் ஒரே குழாயில் இறங்கிப் பின்பக்கத் தொட்டியில் சேரவேண்டும். சேரவில்லை. போன வழியே திரும்பி வந்தது. குழாய்க்காரர் தரையைத் தோண்டிக் குழாயை உடைத்துப் பார்த்தார். உள்ளே துணியும் இல்லை, கல்லும் இல்லை. காகிதம். உள்ளங்கை அகலத்தில் கெட்டிச் சீட்டுகள், ஆயிரக்கணக்கில், ஊறி உப்பிப் பிசைந்த மாவுபோல ஒட்டிக் கிடந்தன. நடுநடுவே கலந்திருந்ததைப் பற்றி வேண்டாம். கையை விட்டுத்தான் இழுத்தார். அதற்கென்று வேறு கருவி எதையும் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. வெளியே வந்த ஒவ்வொரு கட்டியிலும் நீல மையில் ஒரு சொல்லும், அதற்குக் கீழே பத்து வரி விளக்கமும் இருந்தன.

அந்த நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. எழுதிய சீட்டு தப்பாகவே இருந்தாலும் அதைக் குப்பையில் போடக் கூடாது, கிழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. சொல்லுக்கு அவமரியாதையாம். வேண்டாத சீட்டை அடுக்கிவைக்க அலமாரியும் கிடையாது. ஆகவே அறிஞர்கள் சீட்டுகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கழிவறைக்குப் போனார்கள், வெறும் பையோடு திரும்பி வந்தார்கள். தண்ணீரில் விடக் கூடாது என்று விதியில் எங்கும் எழுதவில்லை.

இந்த ரகசியத்தைச் சொன்னது அங்கே பெருக்குகிற அக்கா. "தம்பி, இவங்களுக்கு வயித்தால போறதவிட பையால போறதுதான் ஜாஸ்தி" என்றாள், மூக்கில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே.

வேலை முடிந்ததும் குழாய்க்காரர் செயலாளரிடம் போய்ப் பணிவாகச் சொன்னார். "சார், சீட்ட உள்ள போட்டா மறுபடியும் அடைக்கும். கொஞ்சம் சொல்லி வைங்க."

செயலாளர் ஒல்லியான மனிதர். பேசும்போது எதிரே இருப்பவரைப் பார்க்காமல் தன் பேனாவைப் பார்ப்பார். "எங்க சீட்டு எதுவும் இந்தக் கட்டடத்த விட்டு வெளிய போறதில்ல" என்றார். "பில்ல வெச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தார். அன்றே பிடித்தது சனி.

அவருக்குக் குழாயும் சிமெண்டும் கடனாகக் கொடுத்து, ஆட்களுக்குக் கூலியும் கைமாற்றாகத் தந்தவர் மச்சான். மனைவியின் அண்ணன். குழாய்க்கடை வைத்திருக்கிறார். "ஒறவு வேற, கடை வேற மாப்ள" என்று சொல்லி, ஈடாகக் குழாய்க்காரரின் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய்க் கடை மூலையில் நிறுத்திக்கொண்டார். சகதி இறைக்கிற பழைய மோட்டார். இரண்டு சக்கர வண்டியில் பொருத்தியது. அது இல்லாவிட்டால் குழாய்க்காரருக்குத் தொட்டி வேலை கிடையாது. சொட்டுகிற குழாய்க்கு வாசர் மாற்றிக்கொண்டு தெருத்தெருவாக அலையவேண்டியதுதான்.

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்" என்றார் மச்சான். "அப்புறம் கேக்கறவனுக்குக் குடுத்துருவேன். மனசுல வெச்சுக்காத."

வட்டி வேண்டாம் என்றும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக, கடையைச் சாத்தியதும் தினமும் தங்கை வீட்டுக்கு வந்தார். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்தார். சாப்பாடு வரும்வரை பேசாமல் இருந்தார், வந்ததும் பேசாமல் சாப்பிட்டார். கடனைப் பற்றி ஒரு வார்த்தை எடுப்பதில்லை. கை கழுவும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விடுவார். குழாய்க்காரர் தரையில் உட்கார்ந்து அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மனைவிக்கு இருபக்கமும் இடி. அண்ணனைச் சொல்ல முடியாத கோபத்தை வேறு எங்காவது இறக்கிவைக்கவேண்டும். "என்னங்க, சோறாக்கற எடத்துல இந்த வாளி எதுக்கு? எடுத்துத் தொலைங்க" என்பாள். மோட்டாரின் உறிஞ்சு குழாய் முனையில் மாட்டுகிற பித்தளை வால்வு அந்த வாளியில் கிடந்தது. சுத்தம் செய்யக் கழற்றிச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். மச்சான் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போன நாளில் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இனி மோட்டாரே இல்லாதபோது வால்வு எதற்கு என்று அவரும் அதைத் தொடவில்லை.

பில் கேட்டுப் போன முதல் தடவையே செயலாளர் அவரை நிற்கவைத்து விளக்கம் சொன்னார். பில்லைக் கம்ப்யூட்டர் கடையில் அடித்திருந்தார்கள். அடியில் ஆங்கிலத்தில் 'ப்ளீஸ் பே' என்று போட்டிருந்தது. செயலாளரின் பேனா அந்த இடத்தில் வந்து நின்றது.

"இதுதான் சிக்கல். எங்க நிறுவனத்துல ஒரு வினைச்சொல்லோட பொருள் முடிவாகாம அந்த வினையைச் செய்யறதில்ல. அர்த்தம் தெரியாம ஒரு காரியத்தச் செய்யறது அறிவுக்கு இழுக்கு. நாங்க எழுத்து வரிசையில போறோம். 'பே' பதினாறாம் எழுத்து. இப்பத்தான் பதினஞ்சு முடிஞ்சிருக்கு. உங்க நல்ல நேரம், அடுத்தது இதுதான்."

"சார், பேன்னா காசு குடுக்கறது. எங்க தெருவுல சின்னப் பசங்களுக்கே தெரியும்."

"தெருவுக்குத் தெரிஞ்சா போதும்னா இவ்வளவு பெரிய கட்டடம் எதுக்கு?"

குழாய்க்காரருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மென்று முழுங்கினார். "அப்ப உங்களுக்கெல்லாம் சம்பளம் எப்படி சார் வருது?"

"சம்பளத்த யாரும் எங்களுக்குப் பே பண்றதில்ல. நாங்க டிரா பண்றோம். அது நாலாம் எழுத்து. நிறுவனம் தொடங்கினதும் மொதல்ல முடிச்சது அதத்தான்."

"ஏ, பி எல்லாம் விட்டுட்டா சார்?"

"அவசரம் கருதி."

குழாய்க்காரர் கடைசியாக ஒன்று கேட்டுப் பார்த்தார். "தமிழ்ல எழுதிட்டு வந்தர்றேன் சார். 'காசு தரவும்'னு."

"தமிழ் வினைச்சொல் பக்கத்துக் கட்டடம். ஆனா அவங்க இன்னும் 'அ'வைத் தாண்டல" என்றார் செயலாளர். அவர் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக ஒரு மலர்ச்சி தெரிந்தது.

சொல்லின் வேரைக் கண்டுபிடிக்க ஒருவர் இருந்தார். வேர்ச்சொல்லார் என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார். பெருக்குகிற அக்கா அவரை வேர்க்கிழங்கு என்பாள். குட்டையான, பருத்த உருவம். சட்டைப்பைகள் எந்நேரமும் புடைத்திருக்கும். கொஞ்ச நாளில் அவரே குழாய்க்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

"வேரைப் பிடிச்சுட்டேன்" என்றார். "பிரெஞ்சுக்காரங்க வழியா இங்கிலீஷுக்கு வந்திருக்கு. அதுக்கு முன்னால லத்தீன். பாகாரே. அப்படின்னா சமாதானப்படுத்தறது. அதுக்கும் அடியில போனா, சமாதானம்தான். விளங்குதா? கடன் குடுத்தவன் கோபமா வந்து வாசல்ல நிக்கறான். அவனச் சாந்தப்படுத்தி அனுப்பணும். அதுதான் பே. காசு அதுக்கு ஒரு வழி. ஒரே வழின்னு எந்த நூல்லயும் சொல்லல."

"எனக்கு அந்த ஒரு வழி போதும் சார்."

வேர்ச்சொல்லார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு சீட்டை எடுத்தார். "இப்ப கோபமா இருக்கீங்களா?"

"ஆமா."

"அப்ப வேலை நடந்துட்டு இருக்குன்னு அர்த்தம். கோபம் தணிஞ்சப்புறம் வாங்க."

"சரி, கோபம் இல்ல சார். இல்லவே இல்ல."

"ரொம்ப நல்லது. அப்ப சமாதானம் ஆயிட்டீங்க." இன்னொரு தாளை நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து. உங்க பில்லு பைசல்."

குழாய்க்காரர் பேனாவைத் தொடவில்லை. "ரெண்டும் இல்ல சார். நான் கடன்ல இருக்கேன்" என்றார்.

"அது உணர்ச்சி இல்லையே" என்று வருத்தப்பட்டார் வேர்ச்சொல்லார்.

வெளியே வந்தபோது அக்கா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். "என்ன தம்பி, வேர்க்கிழங்கு என்ன சொல்லுது?"

"சமாதானமாப் போன்னு சொல்லுதுக்கா."

"கையெழுத்து மட்டும் போட்றாத. நீ போட்டுட்டா அப்புறம் ஊர்ல ஒருத்தனுக்கும் இவங்க காசு குடுக்க வேண்டியதில்ல."

அதற்குப்பின் நடந்ததெல்லாம் ஆராய்ச்சி. ஒரு சொல்லுக்கு வேர் மட்டும் போதாதாம். வழக்கில் உள்ள பொருள்கள் ஒவ்வொன்றையும் ஆளை வைத்துச் சோதிக்கவேண்டுமாம். சொல்லோடு சம்பந்தப்பட்ட ஆள் குழாய்க்காரர் ஒருவர்தான். பில்லுக்குச் சொந்தக்காரர் வராவிட்டால் பில் செல்லாது என்றார்கள். வாசர் மாற்றுகிற வேலையையும் விட்டுவிட்டு நடையாய் நடந்தார்.

கவனத்தையும் ஆங்கிலேயர் 'பே' பண்ணுவார்களாம். அதற்காக அவரை ஓர் அறையின் நடுவில் நிற்கவைத்து ஐந்து அறிஞர்கள் சுற்றி உட்கார்ந்து கவனித்தார்கள். ஒரு காலை நேரம் முழுக்க. முதுகில் அரித்தது. சொறிந்தார். அதை ஒருவர் எழுதிக்கொண்டார். கடைசியில் செயலாளர், "இவ்வளவு கவனத்த உங்களுக்கு யாராவது இதுவரைக்கும் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். உண்மையாகவே யாரும் கொடுத்ததில்லை. அந்தப் பதிலும் சீட்டில் ஏறியது.

பாராட்டையும் 'பே' பண்ணலாமாம். நிறுவனத்தின் தலைவரே வந்து பண்ணினார். "உங்கள் கைகள்" என்று ஆரம்பித்தவர், அந்தக் கைகள் எங்கே போய்வந்தன என்ற நினைப்பு வந்து, குலுக்க நீட்டிய தன் கையைப் பாதியில் இழுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாராட்டு அவ்வளவுதான்.

போய்ப் பார்ப்பதையும் அதே சொல்லால் சொல்வதுண்டு என்று வேர்ச்சொல்லார் கண்டுபிடித்தார். ஒரு மாலை குழாய்க்காரர் வீட்டு வாசலில் நிறுவனத்தின் வேன் வந்து நின்றது. தலைவரைத் தவிர மற்ற எல்லோரும் இறங்கினார்கள். ஓர் அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு. சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். நாற்காலியில் மச்சான் இருந்தார். எழுந்திருக்கவில்லை.

"யாரு மாப்ள இவங்க? காசு குடுக்க வந்தவங்களா?"

"இல்ல மச்சான். சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்காங்க."

"எத?"

"என்னத்தான்."

மச்சான் தங்கை கணவரை ஏற இறங்கப் பார்த்தார். "தினம் நானும்தான் பாக்கறேன். அப்படி ஒண்ணும் தெரியலயே."

வீட்டில் இருந்த பிஸ்கட்டெல்லாம் தீர்ந்தது. பானைத் தண்ணீர் தீர்ந்தது. பிறகு அறிஞர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கழிவறை எங்கே என்று கேட்டார்கள். புடைத்த பையோடு போனார்கள். தட்டைப் பையோடு வந்தார்கள். குழாய்க்காரர் கதவருகே நின்று கையைப் பிசைந்தார். வீட்டுக்கு வந்த மனிதர்களின் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கவா முடியும்?

மறுநாள் காலை வீட்டுக் கழிவறை விளிம்புவரை நின்றது. மோட்டார் இல்லை. கம்பியைவிட்டுக் குத்திப் பார்த்து முடியாமல், வழக்கம்போல் கையை விட்டார். ஊரார் வீட்டில் செய்யும்போது வராத குமட்டல் அன்றைக்குத் தன் வீட்டில் வந்தது. வெளியே இழுத்த கட்டியில் ஒரு சீட்டு பாதி படிக்கும்படி இருந்தது. 'பே: ஒருவரை இல்லம் சென்று காணுதல். நயமான பயன்பாடு.'

மனைவி பின்னால் நின்று பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பெரிய எடம் பெரிய எடம்னீங்களே" என்றாள். "அவங்களுது நம்ம வீட்டுக்கே வந்துருச்சு. போதுமா?"

மாதம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மோட்டாரை ஒருவன் வந்து விலை கேட்டுப் போனதாக மச்சான் அன்றைக்குக் கை கழுவும்போது சொன்னார். பெருமூச்சோடு.

அடுத்து தார் விவகாரம். மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் தார் பூசுவதற்கும் மாலுமிகள் 'பே' என்றே சொன்னார்களாம். இது வேறு வேர், வேறு சொல், இதை எடுக்கக் கூடாது என்று வேர்ச்சொல்லார் மேசையைத் தட்டினார். எழுத்து ஒன்றாக இருக்கும்போது வேர் எப்படி வேறாகும், விட்டால் பின்னால் தணிக்கைக்காரர் கேட்பார் என்று செயலாளர் எதிர்த் தட்டு தட்டினார். இரண்டு கட்சியானது. ஒரு கட்சி நின்றால் இன்னொரு கட்சி உட்கார்ந்தது. கடைசியில் நடுநிலையாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேர் பற்றிய கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, பின்னால் குறை வராமலிருக்கக் குழாய்க்காரரின் சட்டையில் கொஞ்சம் தார் பூசிவிடுவது. ஒரு குச்சியால் பூசினார்கள்.

"சார், இது போகாது" என்றார் குழாய்க்காரர்.

"அதனாலதான் கப்பலுக்குப் பூசியிருக்காங்க" என்றார் செயலாளர்.

மிச்சம் இருந்தது ஒரே பொருள். அஞ்சலி. அதையும் ஆங்கிலேயர் அந்தச் சொல்லாலேயே செலுத்துகிறார்கள். அதோடு சொல் முடிந்துவிடும், மறுநாளே பில்லைப் பார்த்துவிடலாம் என்று செயலாளர் தன் பேனாவின்மேல் ஆணையிட்டுச் சொன்னார். கீழ்த்தள மண்டபத்தில் ஏற்பாடு. மேடை, மாலை, மலர்வளையம். மலர்வளையத்தின் குறுக்கே 'குழாய்க்காரர்' என்று எழுதிய பட்டை.

"சார், நான் இன்னும் சாகல."

"அவசரமே இல்ல. ரெண்டு நிமிஷம் கண்ண மூடிட்டு உக்காருங்க, போதும்."

அன்று மாதக் கடைசி. சாயங்காலம் மோட்டார் கைமாறிவிடும். குழாய்க்காரர் தார்ச் சட்டையோடு மேடையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் எழுந்து பேசினார்.

"அன்பர்களே. இந்தச் சாதாரண மனிதர் ஒரு சாதாரண பில்லோடு இங்கே வந்தார். வேறு எந்த அலுவலகமாக இருந்தாலும் என்ன செய்திருக்கும்? பணத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கும். பணம் கொடுப்பது எளிது. எந்தக் கடைக்காரனும் கொடுப்பான். பொருள் அறிந்து, வேர் அறிந்து, வழக்கு அறிந்து, அதன்பின் கொடுக்காமலிருப்பது அறிஞனால் மட்டுமே முடியும். இந்த ஒரு சொல்லுக்காக நாம் எழுதிய சீட்டுகள் மட்டும் நாற்பதாயிரம். அவற்றில் முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தை, தரம் குறைந்தவை என்று நாமே நீக்கினோம். இந்தக் கடுமை வேறு எங்கே உண்டு?"

நீக்கினோம் என்ற சொல் காதில் விழுந்ததும் குழாய்க்காரர் கண்ணைத் திறந்தார். எங்கே நீக்கியிருப்பார்கள் என்பது அந்த மண்டபத்தில் அவருக்கும், கதவோரம் நின்ற அக்காவுக்கும் மட்டும் விளங்கியது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு ஸ்டூலில் ஏறி நின்றாள்.

முதலில் வாடை வந்தது. பிறகு மண்டபத்தின் மூலையில் இருந்த தண்ணீர்ப் போக்கி கொப்பளித்தது. பிறகு வந்தது. கறுப்பாக, அவசரமில்லாமல், நிறுவனத்தின் வேகத்திலேயே வந்தது. அதன்மேல் வெள்ளைச் சீட்டுகள் மிதந்தன. பே, பே, பே என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. அறிஞர்கள் நாற்காலிகளில் ஏறினார்கள். வேர்ச்சொல்லார் ஏறியது உடைந்தது. மலர்வளையம் மெல்லக் கிளம்பி மிதந்து போய்த் தலைவரின் காலடியில் நின்றது.

"எறைங்க" என்றார் தலைவர். மேடைத் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது. "ஒடனே எறைங்கய்யா."

"மோட்டார் மச்சான் கடைல ஈட்டுல இருக்கு சார். பில்லு காசக் குடுத்தீங்கன்னா மீட்டுட்டு வந்தர்றேன்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். கணுக்கால் முழுகி நின்ற நிலையிலும் செயலாளர் தலையை ஆட்டினார். "அஞ்சலி முடியல சார். ரெண்டு நிமிஷம் ஆகல. பே பண்ண முடியாது. மீக்கறதுன்னா ரிடீம், பதினெட்டாம் எழுத்து, அதுவும் முடியாது." யோசித்தார். தண்ணீர் காலுறைக்குள் புகுந்ததும் யோசனை வேகமாக வந்தது. "வெலைக்கு வாங்கலாம். பை. ரெண்டாம் எழுத்து. அது முடிஞ்சுபோன சொல்லு."

பெட்டகத்திலிருந்து பணம் வந்தது. டிரைவர் வேனில் பறந்தார். சற்று நேரத்தில் மோட்டாரோடு திரும்பி வந்தார். மோட்டாரோடு மச்சானும் வந்தார். காசு கைக்கு வராமல் சரக்கை விட்டுப் பிரிவது அவர் வழக்கமில்லை.

"என்ன வெலை?" என்றார் செயலாளர்.

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், நாற்காலிகளின்மேல் நின்ற அறிஞர்களைப் பார்த்தார். "பதினெட்டாயிரத்து நானூத்தம்பது" என்றார்.

பேரம் பேசுவதும், பார்கெயின், இரண்டாம் எழுத்துதான். ஆனால் யாருக்கும் நேரமில்லை. பணம் கைமாறியது. மச்சான் எச்சில் தொட்டு எண்ணினார். "மாப்ள, நம்ம கணக்கு நேராச்சு" என்றார்.

குழாய்க்காரர் மோட்டாரை மூலைக்குத் தள்ளினார். கடன் போய்விட்டது. மோட்டாரும் போய்விட்டது. பத்து வருஷமாகத் தன் வீட்டுக்குச் சோறு போட்ட இரும்பு, இனி இவர்களுடையது. குழாயைத் தண்ணீரில் இறக்கிச் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. குழாய் முனையைத் தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் சமையல் மூலையில் இருக்கும் வாளி ஞாபகத்துக்கு வந்தது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் தலைவர்.

"வால்வு இல்ல சார். அது இல்லாம உறிஞ்சாது."

"எங்க அது?"

"என் வீட்டுல இருக்கு. என்னோடது. மோட்டார் வெலைல அது சேரல."

"அதையும் வாங்கிரலாம்" என்றார் செயலாளர். "அதே சொல்லுதான். என்ன வெலை?"

புது வால்வு கடையில் முந்நூறு. குழாய்க்காரர் முந்நூறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சீட்டு மிதந்து வந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டது. குனிந்து எடுத்தார். நயமான பயன்பாடு என்று எழுதியிருந்தது. வீட்டில் இழுத்த கட்டியின் நாற்றம் மூக்கில் ஏறியது.

"பதினெட்டாயிரத்து நானூத்தம்பது" என்றார்.

மச்சான் அவரைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. பிறகு செயலாளரிடம், கடைக்காரக் குரலில் சொன்னார்: "நியாய வெலை சார். இந்த மாடல் இப்ப வர்றதில்ல."

வேன் மறுபடி போனது. குழாய்க்காரரின் மனைவி வாளியோடு வந்து இறங்கினாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "நம்ம வீட்டுக் கக்கூஸ அடைச்சவங்கதானே இவங்க?" என்று அண்ணனிடம் கேட்டாள். அவர் ஆமாம் என்றதும் வாளியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "மொதல்ல காசு."

வேர்ச்சொல்லார் ஏதோ சொல்ல வந்தார். தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பணம் வந்தது. மனைவியே வாங்கி எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தந்தாள். "வர்ற வழியில எங்கயும் ஒக்காராம வீட்டுக்கு வாங்க. வெளியவே குளிச்சிட்டு உள்ள வரணும்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அண்ணனோடு வெளியே போனாள்.

வால்வை மாட்ட ஒரு நிமிஷம் ஆனது. இறைத்துத் தருவது விலையில் சேர்ந்ததல்ல. போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஸ்டூலில் நின்ற அக்கா துடைப்பத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் போய்விட்டால் இதை யார் கையால் அள்ளச் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சுவிட்சைப் போட்டார். குழாய் துடித்து நிமிர்ந்தது. முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் சீட்டுகளும், அவை சுமந்துவந்ததும் பின்பக்கத் தொட்டிக்கு இறங்கின. அடைப்பையும் குத்திவிட்டார். தரை தெரிந்தது. அறிஞர்கள் ஒவ்வொருவராகக் கால்சட்டையை விரலால் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"அந்த மோட்டார எனக்கே திருப்பி வித்துருங்க சார்" என்று கேட்டுப் பார்த்தார். "உங்களுக்கு எதுக்கு அது?"

"விக்கறதுன்னா செல், பத்தொன்பதாம் எழுத்து" என்றார் செயலாளர். "அது வர்றதுக்குள்ள துருப்பிடிச்சுரும். ஆனா விதின்னா விதி." பிறகு, ஈரமாகாமல் மேசைமேல் காப்பாற்றி வைத்திருந்த கோப்பைத் திறந்தார். "அது கெடக்கட்டும். உங்க பில்லு அப்படியே நிக்குது பாருங்க. பதினெட்டாயிரத்து நானூத்தம்பது. நாளைக்கு வாங்க, அஞ்சலிய விட்ட எடத்துலருந்து தொடங்கிரலாம்."

குழாய்க்காரர் அந்த ஆளை நேராகப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கோபத்துக்கு எதிரே ஒரு மனிதன் வேண்டும். நாள்பட்ட தொட்டியின் மூடியைத் திறந்தால் அடிக்குமே, அதுதான் வந்தது. தொண்டைவரை.

"அந்த சமாதானத் தாள் இருக்கா சார்?"

வேர்ச்சொல்லார் உடைந்த நாற்காலியின் பக்கத்திலிருந்து பாய்ந்து வந்தார். தாளைப் பையிலேயே வைத்திருந்தார். "மனசு சாந்தமாயிருச்சா?"

"ஆயிருச்சு."

"பூரணமாவா?"

"இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க வேண்டியதில்லன்னு நெனச்சா, பூரணமா ஆயிருச்சு சார்."

கதவோரத்திலிருந்து, "போட்றாத தம்பி" என்றாள் அக்கா.

"எனக்கு வேணாம்க்கா. இவங்ககிட்ட ஒரு பாக்கி இருக்குன்னா, இவங்ககூட ஒரு ஒறவு இருக்குன்னு ஆவுது."

கையைத் தார்ச் சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தாளின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் பதிந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அகராதிப் பதிவைச் சொல்லச் சொல்லச் செயலாளர் எழுதினார். "பே, வினைச்சொல். முதற்பொருள், சமாதானப்படுத்துதல். பிற பொருள்கள், கவனித்தல், பாராட்டுதல், இல்லம் சென்று காணுதல், தார் பூசுதல், அஞ்சலி செலுத்துதல். பணம் கொடுத்தல் என்ற பொருளில் இச்சொல் வழங்குவதாகத் தெருவில் ஒரு கருத்து உண்டு. நிறுவனத்தில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை."

"அருமை" என்றார் வேர்ச்சொல்லார். இரண்டு கையாலும் தன் சட்டைப்பைகளைத் தடவிப் பார்த்தார். தார் பற்றிய சீட்டுகள் அப்படியே இருந்தன, இரண்டு பையும் புடைத்திருந்தன. குழாய்க்காரரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மேல இப்ப தண்ணி போகுமில்ல?"

"போகும் சார்."

வேர்ச்சொல்லார் மாடிப்படி ஏறினார். செயலாளர் பில்லைத் தன் பக்கம் திருப்பி, ரப்பர் முத்திரையை மையில் ஒற்றினார். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் இறங்குகிற சத்தம். அது அடங்குவதற்குள் முத்திரை விழுந்தது. பைசல்.